நீல வெளிச்சமும் ட்ரம்ஸும்: பழைய பாப்டிஸ்ட் ஆட்சேபணைகளில் எது இன்னும் நிற்கிறது?

பழையபாதை:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பாப்டிஸ்ட் சபையில் இருக்கிறவன், அதில் பத்து வருடம் உதவிக்காரனாக (டீக்கன்) இருந்தவன். போன ஞாயிறு உள்ளே நுழைந்தால் ஜன்னலெல்லாம் மூடி, மேடையில் மட்டும் நீல வெளிச்சம். பிரசங்க பீடத்தைக் காணோம், அந்த இடத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று. நாற்பது நிமிடம் பாட்டு. ஒரு பாட்டின் கடைசி வரி மட்டும் பதினாறு தடவை (ஆராதனையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தது என் தப்புதான்). வேதவாசிப்பு என்று தனியாக எதுவும் இல்லை, பிரசங்கத்துக்கு நடுவே திரையில் ஓடிய மூன்று வசனத்தோடு சரி. முடிவில் வழக்கமான அழைப்பு. எல்லாரும் கண்ணை மூடுங்கள், யாரும் சுற்றிப் பார்க்க வேண்டாம், கையை மட்டும் உயர்த்துங்கள். கை தூக்கியவர்கள் ஒரு ஜெபத்தைத் திருப்பிச் சொன்னார்கள், "நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று அறிவிப்பு, கைதட்டல். அவர்களுக்கு அடுத்த ஞாயிறே ஞானஸ்நானமாம்.

எனக்கு வயதாகிவிட்டது, சத்தம் பிடிக்கவில்லை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். நம் முன்னோர் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருந்தார்கள். வேதம் தடுக்காததையெல்லாம் ஆராதனையில் செய்யலாம் என்பது ஒரு கட்சி, வேதம் சொன்னதை மட்டும் செய் என்பது இன்னொரு கட்சி. பாப்டிஸ்டுகள் இரண்டாவது. இங்கிலாந்து பாப்டிஸ்டுகளின் 1689 விசுவாச அறிக்கையில் 22ஆம் அதிகாரம் முதல் பத்தியிலேயே இது இருக்கிறது. ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் கொண்டுவந்து, அதனாலேயே மாண்டுபோன அந்நிய அக்கினியைத் தேவன் எங்கேயும் தடைசெய்திருக்கவில்லை, "கட்டளையிடாத" என்றுதான் எழுதியிருக்கிறது. விசுவாசித்தவருக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்று சொல்லிக் குழந்தை ஞானஸ்நானத்தை நாம் மறுப்பதும் இதே காரணத்தால்தானே? வேதத்தில் கட்டளை எங்கே, முன்மாதிரி எங்கே என்று அவர்களிடம் கேட்கிற நாம், நீல வெளிச்சத்துக்குக் கட்டளை எங்கே என்று நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

கீபோர்டுக்காரன்:
ஐயா, அந்த நீல வெளிச்சத்துக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கிறவன் நான். (உங்கள் சபையில் இல்லை, பயப்படாதீர்கள்.) மரியாதையோடு கேட்கிறேன், ட்யூப் லைட்டுக்குக் கட்டளை எங்கே இருக்கிறது? மைக்குக்கு? பெஞ்சுக்கு? சங்கீதம் 150ல் எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், குழல், கைத்தாளம் எல்லாம் இருக்கிறது. கட்டளை வேண்டுமென்றால் இதைவிடத் தெளிவான கட்டளை ஏது? நீங்கள் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தது ஆர்கன். அது பழகிவிட்டதால் வேதத்துக்கு ஒத்துப்போகிறது, எங்கள் ட்ரம்ஸ் பழகாததால் அந்நிய அக்கினியாகிவிட்டது. அந்த பதினாறு தடவைக்கும் ஒன்று சொல்கிறேன்: சங்கீதம் 136ல் "அவர் கிருபை என்றுமுள்ளது" இருபத்தாறு தடவை வருகிறது. அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

பழையபாதை:
தம்பி, விளக்கு, பெஞ்சு, கூடும் நேரம் எல்லாம் சூழ்நிலை. எந்தக் கூட்டத்துக்கும் தேவையான சாதாரண விஷயங்கள் அவை. அறிக்கையே அதைத் தனியாகப் பிரித்து, பொதுப்புத்தியால் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது. முகம் தெரிய விளக்கு போடுவது சூழ்நிலை. மனதை ஒரு நிலைக்குக் கொண்டுவர விளக்கை அணைப்பது வேறு. இரண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாதென்று நான் நம்பவில்லை. 136க்குப் பதில்: அங்கே ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் ஒரு புது வரி இருக்கிறது. வானத்தை உண்டாக்கினவர், செங்கடலைப் பிளந்தவர் என்று கதை நகர்ந்துகொண்டே போகிறது.

காகிதப்பூச்சி:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். பழைய பாப்டிஸ்டுகளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் அவர்கள் யார் பக்கம் சாட்சி சொல்வார்கள் என்று பார்ப்போம். ஐயாவுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

1609ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மைத் தனக்குத்தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு, பிறகு மற்றவர்களுக்கும் கொடுத்தார். அங்கேதான் நம் கதை தொடங்குகிறது. (அப்போது தண்ணீர் ஊற்றித்தான். முழுக்கு வர இன்னும் முப்பது வருடம் ஆயிற்று. அது தனிச் சண்டை.) அந்தக் கூட்டத்தார் முதலில் வேத அதிகாரத்தை வாசித்து விளக்குவார்கள், பிறகு புத்தகங்களை மூடி ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் ஆராதனையைத் தொடங்குவார்கள். புத்தகத்தைப் பார்த்துச் செய்வது ஆவிக்குரிய ஆராதனை ஆகாது என்பது ஸ்மைத்தின் வாதம். பாட்டுப் புத்தகத்தை விட்டுத் திரைக்குப் போனதற்கு இன்று வருத்தப்படுகிறோம். ஸ்மைத்திடம் கேட்டால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி வெளியே வை என்பார்.

அடுத்து பெஞ்சமின் கீச். லண்டன் சவுத்வார்க்கில் ஹார்ஸ்லிடவுன் சபையின் போதகர். பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பாடநூல் எழுதியதற்காக 1664ல் பொது இடத்தில் தண்டனை மரத்தில் நிறுத்தப்பட்டவர், லேசான ஆள் இல்லை. இவர் 1673 வாக்கில் திருவிருந்துக்குப் பிறகு ஒரே ஒரு பாட்டு பாட வைத்தார். அவ்வளவுதான், ஒரு பாட்டு. அதை ஒவ்வொரு ஞாயிறுக்கும் கொண்டுவர அவருக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது. ஐசக் மார்லோ என்ற பாப்டிஸ்ட் 1690ல் எதிர்த்து எழுதினார், கீச் மறு வருடம் பதில் எழுதினார். எதிர்ப்பின் காரணங்களைப் பாருங்கள். மனிதன் எழுதிவைத்த வார்த்தைகளை ஆராதனையில் சொல்வது எழுதிவைத்த ஜெபத்தைப் படிப்பதற்குச் சமம். விசுவாசியும் அவிசுவாசியும் கலந்து பாடுவது கூடாது. சபையில் பெண்கள் வாய்திறந்து பாடுவது கூடாது. கீச் எவ்வளவு விட்டுக்கொடுத்தார் தெரியுமா, பிடிக்காதவர்கள் எழுந்து போக வசதியாகப் பாட்டைக் கடைசி ஜெபத்துக்கும் அப்புறம் வைத்துக்கொண்டார். அப்படியும் ஒரு பகுதி பிரிந்துபோய்ப் பாட்டே இல்லாத ஒரு சபையை ஆரம்பித்தது.

ஆக, "பழைய பாட்டுப் புத்தகத்தைக் கொண்டு வா" என்று இன்று கேட்கிற ஒவ்வொருவரும் 1690ல் புதுமைக்காரக் கட்சியில்தான் இருந்திருப்பார்கள்.

கீபோர்டுக்காரன்:
😂 காகிதப்பூச்சி அண்ணா, இதைச் சட்டம் போட்டு எங்கள் ப்ராக்டிஸ் அறையில் மாட்டப் போகிறேன்.

காகிதப்பூச்சி:
சட்டத்தில் இடம் மிச்சம் வையுங்கள் தம்பி, பாதிதான் சொல்லியிருக்கிறேன். ஆர்கன் பழகிவிட்டது என்றீர்களே, லண்டனின் பேர்போன பாப்டிஸ்ட் போதகர் ஸ்பர்ஜனின் சபைக் கட்டடம், மெட்ரோபாலிட்டன் டேபர்னகிள், 1861ல் திறந்தபோது அங்கே ஆர்கன் கிடையாது, அவர் காலம் முடியும்வரை வரவும் இல்லை. முன்னால் ஒருவர் நின்று சுருதி எடுத்துக் கொடுப்பார், ஆயிரக்கணக்கானவர்கள் வெறுங்குரலில் பாடுவார்கள். வாத்தியம் பாவம் என்பதல்ல அங்கே விஷயம். சபையின் குரல்தான் வாத்தியம், அதற்கு மேலே வேறொன்று ஏறி உட்காரக்கூடாது. இந்த ஆட்சேபணைக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நறுக்கு:
சரி, அந்தக் கை தூக்கும் அழைப்பு? அதுவாவது பழசா?

காகிதப்பூச்சி:
இல்லை. அந்த மாதிரி அழைப்பு, சார்லஸ் ஃபின்னி என்ற பிரஸ்பிட்டேரியன் பிரசங்கியார் 1830களில் பரப்பியது. கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, ஆத்துமக் கலக்கத்தில் இருக்கிறவர்கள் எழுந்து வந்து அதில் உட்காருங்கள் என்பார். மெதடிஸ்டுகளின் கூடாரக் கூட்டங்களில் அதற்கு முன்பே இருந்தது. பாப்டிஸ்ட் பாரம்பரியம் என்று நாம் நினைக்கிற பலதுக்கு இந்தக் கதிதான். மேரிலாந்தில் 1832ல் பிளாக் ராக் என்ற இடத்தில் கூடிய பழைய போக்கு பாப்டிஸ்டுகள் ஒரு அறிக்கை விட்டார்கள். அதில் எதையெல்லாம் மனிதக் கண்டுபிடிப்பு என்று தள்ளினார்கள் தெரியுமா? ஞாயிறு பள்ளி, துண்டுப்பிரதி சங்கம், மிஷனெரி சங்கம், இறையியல் கல்லூரி, நாள்கணக்கில் நீட்டிக்கிற எழுப்புதல் கூட்டம். ஞாயிறு பள்ளிக்கு வேதத்தில் கட்டளை எங்கே என்று கேட்டார்கள். அளவுகோலை ஐயா பிடிக்கிற மாதிரியே பிடித்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

பழையபாதை:
நன்றி. எனக்கு வலிக்கிற இடத்தில்தான் தட்டியிருக்கிறீர்கள், நான் இருபது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தினவன். பிளாக் ராக்காரர்களோடு நான் போகமாட்டேன். வில்லியம் கேரியை 1793ல் இந்தியாவுக்கு மிஷனெரியாகக் கப்பலேற்றியது ஒரு சங்கம்தான், அதற்கு முந்தின வருடம் இங்கிலாந்தில் கெட்டரிங்கில் ஒரு வீட்டில் கூடியவர்கள் பதின்மூன்று பவுண்டும் சில்லறையும் வாக்களித்து ஆரம்பித்தது. அது தவறு என்று சொல்ல என் வாய் வராது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கை தூக்கும் அழைப்பும் அதைத் தொடர்ந்து வருகிற உடனடி ஞானஸ்நானமும் புதுசு என்பதால் நான் எதிர்க்கவில்லை. எந்தக் கேள்விக்காக நம் ஆட்கள் சிறைக்குப் போனார்களோ அந்தக் கேள்வியையே அது கேட்காமல் விடுகிறது. சபை என்றால் யார்? அந்த வட்டாரத்தில் பிறந்தவர்கள் எல்லாருமா, மனந்திரும்பி அதை வாயால் அறிக்கை செய்தவர்களா? கண்ணை மூடச் சொல்லிக் கையை எண்ணுகிற இடத்தில் யார் எதை அறிக்கை செய்தார்?

மூன்றாம்வரிசை:
நான் பொதுவாகப் படிப்பதோடு சரி, இன்றைக்கு எழுத வேண்டும் போலிருக்கிறது.

பழையபாதை ஐயா, நீங்கள் இழையை ட்ரம்ஸில் ஆரம்பித்தீர்கள். ட்ரம்ஸைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. எங்கள் சபையில் மூன்று வருடம் முன்பு ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம். நான் ஞாயிறு பள்ளியில் அவர்களுக்கு டீச்சர், யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொட்டியில் தண்ணீர் அந்தப் பிள்ளைகளின் தாடை வரைக்கும் இருந்ததால் ஒரு ஸ்டூலை உள்ளே போட்டு அதன்மேல் நிறுத்தினார்கள். ஒரு பையன் இறங்கும்போதே என்னைப் பார்த்துக் கையாட்டினான், நீச்சல் வகுப்புக்குப் போகிறவன் போல. கேள்வி கேட்டால் பதில் தெரியும், நான்தானே சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அவன் அப்பா செய்ததை அவனும் செய்கிறான், நண்பன் செய்கிறான், அதனால் இவனும். இது குழந்தை ஞானஸ்நானம் இல்லாமல் வேறென்ன? ஏழு வருடம் தள்ளிப்போட்டு, கூடுதல் தண்ணீரில்.

வெளிவாசல்:
"கூடுதல் தண்ணீரில்" 😄 நான் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவன், உங்கள் வீட்டுச் சண்டையை வாசலில் நின்று பார்க்கிறவன். எங்கள் பக்கம் குறைந்தபட்சம் ஒன்று இருக்கிறது, திடப்படுத்தலுக்கு (வளர்ந்தபின் தன் வாயால் விசுவாசத்தை உறுதிசெய்கிற சடங்கு) முன் பிள்ளைகளை மாதக்கணக்கில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவோம். மூன்றாம்வரிசை சொல்வதைப் பார்த்தால் அந்த விஷயத்தில் நாங்கள்தான் பாப்டிஸ்ட் போலத் தெரிகிறது.

பழையபாதை:
அடி சரியாக விழுந்தது, வாங்கிக்கொள்கிறேன்.

சிஸ்டர் சொன்னதற்கு எதிராகச் சிலர் அப்போஸ்தலர் 8ல் வருகிற எத்தியோப்பிய மந்திரியைக் காட்டுவார்கள். வழியில் தண்ணீரைப் பார்த்தார், உடனே ஞானஸ்நானம் பெற்றார், நீங்கள் ஏன் தாமதிக்கிறீர்கள் என்று. அவர் எருசலேமுக்குப் போய் ஆராதித்துவிட்டு ஏசாயாவை வாசித்துக்கொண்டே திரும்பின மனுஷன், வளர்ந்தவர், அவர் என்ன கேட்கிறார் என்று அவருக்குத் தெரியும். ஸ்பர்ஜன் காலத்தில் டேபர்னகிளில் ஒருவர் அங்கத்தினராக வர வேண்டுமென்றால் முதலில் ஒரு மூப்பர் உட்கார்ந்து பேசுவார், பெயரையும் சாட்சியையும் எழுதிக்கொள்வார். அப்புறம் போதகரே பார்ப்பார். அப்புறம் சபை ஒருவரை நியமித்து அவர் வாழ்க்கையைப் பற்றி விசாரிக்க அனுப்பும். கடைசியில் சபைக் கூட்டத்தில் ஓட்டு. ஆயிரக்கணக்கில் அங்கத்தினர் இருந்த இடத்தில் இவ்வளவும் நடந்தது. "ஆள் அதிகம், நேரமில்லை" என்கிற சாக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

மூன்றாம்வரிசை:
அந்தப் பழைய முறைக்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது ஐயா, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. விசாரிக்கிற சபை தண்டிக்கவும் செய்யும். என் சித்தியை, இருபத்து மூன்று வயதில், வேறு பிரிவு சபையில் நடந்த ஒரு கல்யாணத்தில் திருவிருந்து எடுத்ததற்காகச் சபைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திப் பெயரை நீக்கினார்கள். நான் சின்னப்பிள்ளை, பின்னால் உட்கார்ந்திருந்தேன். சித்தி கையிலிருந்த கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரலில் மாட்டிக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதே கூட்டத்தில் கடனை வாங்கித் திருப்பித் தராத ஒரு பெரிய மனுஷன் முன்வரிசையில் உட்கார்ந்து கை தூக்கி ஓட்டுப் போட்டார். மத்தேயு 18 என்று சொன்னார்கள். மத்தேயு 18ல் முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும், சித்தியிடம் தனியாக யாரும் வரவில்லை.

காகிதப்பூச்சி:
இதற்கு வரலாற்றில் இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது, கூசுகிற உதாரணம். அமெரிக்கத் தெற்கின் பழைய சபைக் குறிப்பேடுகளைப் புரட்டினால் ஆட்டம் ஆடியதற்கு நீக்கம், குடித்ததற்கு நீக்கம், வாய்ச்சண்டைக்கு நீக்கம் என்று ஒழுங்கு நடவடிக்கை பக்கம் பக்கமாக இருக்கும். அதே பெஞ்சில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். 1845ல் சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் உருவானதே அடிமை வைத்திருப்பவரை மிஷனெரியாக அனுப்பலாமா என்ற சண்டையில்தான். அதற்காக அவர்கள் மன்னிப்புக் கேட்டது 1995ல். ஒழுங்கு இருந்தது, கண் இல்லை.

நறுக்கு:
அப்படியானால் ஒழுங்கு நடவடிக்கையே வேண்டாம் என்கிறீர்களா?

மூன்றாம்வரிசை:
இல்லை. விநோதம் அதுதான். இப்போது நான் இருக்கிற சபையில் யாரையும் நீக்குவதே கிடையாது, ஏனென்றால் யார் உள்ளே, யார் வெளியே என்று யாருக்கும் தெரியாது. அங்கத்தினர் பட்டியல் ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கிறது, அதில் இறந்துபோனவர்கள்கூட இருக்கிறார்கள். போன வருடம் ஒரு குடும்பம் எட்டு மாதம் வரவில்லை, ஒருவரும் கவனிக்கவில்லை. வீட்டில் ஒரு மரணம், அதுவும் தெரியாது. சித்தியை நீக்கின சபையில், ஒருத்தர் இரண்டு ஞாயிறு வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது கதவைத் தட்டுவார்கள். அதே ஆட்கள்தான். எனக்கு இன்னும் அவர்கள்மேல் கோபம் இருக்கிறது, ஆனாலும் கதவைத் தட்டினார்கள் என்பதை மறுக்க முடியாது.

வெளிவாசல்:
ஒரு சந்தேகம். அந்தச் சித்தி விஷயத்திலிருந்து கேட்கிறேன். என்னைப்போல ஒருவன் உங்கள் சபைக்கு வந்தால் திருவிருந்து உண்டா, இல்லையா? ஒரு பாப்டிஸ்ட் சபையில் அன்போடு கொடுத்தார்கள், இன்னொன்றில் தட்டு என்னைத் தாண்டிப் போயிற்று.

காகிதப்பூச்சி:
இதில் எங்களுக்குள் உடன்பாடு இருந்ததே இல்லை. மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பன்யன் 1673ல், தண்ணீர் ஞானஸ்நானத்தில் கருத்து வேறுபடுவது ஐக்கியத்துக்குத் தடையல்ல என்று எழுதினார். லண்டன் பாப்டிஸ்ட் போதகர் வில்லியம் கிஃபின் 1681ல் அதற்கு நேரெதிராக எழுதினார்: முதலில் ஞானஸ்நானம், பிறகுதான் பந்தி, ஆண்டவர் வைத்த வரிசையை மாற்ற நமக்கு உரிமை இல்லை. 1677ல் எழுதிய அறிக்கை (1689ல் கையெழுத்தோடு வெளியானதால் அந்தப் பெயர்) இந்த இடத்தில் மௌனம். நமக்குள்ளேயே இதில் முழு உடன்பாடு இல்லை என்று பின்னிணைப்பில் ஒப்புக்கொண்டு விட்டுவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஜே. ஆர். கிரேவ்ஸ் கூட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வேறு சபையார் கொடுத்த முழுக்கு ஞானஸ்நானமே செல்லாது, அவர்களுடைய போதகர்கள் நம் பீடத்தில் ஏறக்கூடாது என்றார்கள்.

என் சொந்தக் கருத்து கேட்டால், கிஃபினின் தர்க்கம் இறுக்கமானது, பன்யனின் சபையில் சேர எனக்கு ஆசை.

பழையபாதை:
திருவிருந்து என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போது வந்திருக்கிற அந்த ரெட்டைக் கப். சின்ன பிளாஸ்டிக் கப்பில் சாறு, மேல் மூடியில் அப்பம், ஒவ்வொருவரும் தனித்தனியாக உரித்துக்கொள்ள வேண்டும். போதகர் "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்று முடிக்கிறார், உடனே முந்நூறு பேர் சேர்ந்து பிளாஸ்டிக் உரிக்கிற சத்தம். கிர்ர்ர் என்று. பக்கத்தில் ஒரு பாட்டிக்கு நகம் சிக்கவில்லை, நான் உரித்துக் கொடுத்தேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நடந்த ஒரே ஐக்கியம் அதுதான் என்று தோன்றியது.

காகிதப்பூச்சி:
சின்னத் தனிக் கப்பே 1890களில் வந்ததுதான் ஐயா, கிருமி பயத்தில். அதற்கு முன் ஒரே பாத்திரம் கை மாறிப் போகும். ஒரே பாத்திரத்தை விட்டால் ஒரே சரீரம் என்பதன் பொருள் போய்விடும் என்று அன்று சண்டை போட்டார்கள். திராட்சரசத்துக்குப் பதில் புளிக்காத சாறு 1869ல் வந்தது, ஒரு மெதடிஸ்ட் பல் வைத்தியர் கண்டுபிடித்தது. இன்று அந்தச் சாறு இல்லாமல் பாதி பாப்டிஸ்ட் சபைகளில் திருவிருந்தே நடக்காது. (ஐயா, உங்கள் பிளாஸ்டிக் சத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் அது எரிச்சல்.)

நறுக்கு:
பெண் போதகர் பற்றி யாரும் பேசவில்லையே? 2023ல் சாடில்பேக் சபையை சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் வெளியேற்றியதே...

கண்காணி:
அதற்குத் தனி இழை ஓடுகிறது, நாற்பது பக்கம் தாண்டிவிட்டது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே தலைப்பிலேயே நில்லுங்கள்.

நறுக்கு:
சரி சரி. அப்படியானால் தலைப்புக்குள்ளேயே ஒன்று. எங்கள் சபை இப்போது மூன்று இடத்தில் கூடுகிறது. பிரசங்கம் ஒரு இடத்தில், மற்ற இரண்டு இடத்திலும் திரையில். போதகரை நேரில் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது. பழைய பாப்டிஸ்ட் இதை என்ன சொல்வார்?

பழையபாதை:
கூடாத கூட்டத்துக்குச் சபை என்று பெயர் வைக்க முடியாது என்பார். நம் அறிக்கையில் 26ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள், ஒரு குறிப்பிட்ட சபை, சேர்ந்து நடக்க ஒப்புக்கொண்டவர்கள், மூப்பரையும் உதவிக்காரரையும் தங்கள் பொது ஓட்டால் தாங்களே தெரிந்துகொள்கிறவர்கள். இப்போது கேட்கிறேன், உங்கள் சபையில் கடைசியாக எதற்கு ஓட்டுப் போட்டீர்கள்?

நறுக்கு:
ஓட்டா? "தலைமைக் குழு ஜெபித்துத் தீர்மானித்தது" என்று அறிவிப்பு வரும். இரண்டாவது, மூன்றாவது இடம் எடுத்ததே எங்களுக்குத் திரையில் ஒரு வீடியோ பார்த்துத்தான் தெரியும். நல்ல வீடியோ, பின்னணி இசையெல்லாம் வைத்து.

பழையபாதை:
இதோ, நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டியது இதைத்தான். நீல வெளிச்சத்தில் ஆரம்பித்தது என் பிசகு, கண்ணுக்கு முதலில் தெரிவது அது. பழைய சபைக் கூட்டங்கள் சலிப்பானவை. சுவருக்கு என்ன நிறம் என்பதற்கு இரண்டு மணிநேரம் சண்டை போட்ட கூட்டத்தில் நான் குறிப்பெழுதியிருக்கிறேன், கடைசியில் பழைய நிறமே போதும் என்று தீர்மானம். ஆனால் அந்தக் கூட்டத்தில் வீட்டு வேலை செய்கிற ஒரு அம்மா எழுந்து "கணக்கில் இந்த வரி எனக்குப் புரியவில்லை" என்றார், பொருளாளர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. இப்போது அந்த அம்மா எங்கே எழுந்து நிற்பார்? கேட்கிறவர்களாக வருகிறோம், பார்க்கிறவர்களாக உட்காருகிறோம், போகிறோம். மேடையில் ட்ரம்ஸ் இருந்தால் என்ன, ஆர்கன் இருந்தால் என்ன.

கீபோர்டுக்காரன்:
இரண்டு நாளாக எழுதவில்லை, ஏனென்றால் காகிதப்பூச்சி அண்ணா சொன்ன "சபையின் குரல்தான் வாத்தியம்" மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் வாசிக்கும்போது இரண்டு காதிலும் இன்-இயர் (காதுக்குள் வைக்கிற சின்ன ஸ்பீக்கர்) மாட்டியிருப்போம். உள்ளே டிக் டிக் டிக் என்று தாளம் காட்டுகிற க்ளிக் ஓடும், ட்ரம்ஸ் கொஞ்சம், பாடுகிறவர் குரல், என் கீபோர்டு. சபையின் சத்தம் அதில் கிடையாது. அதற்கென்று ஒரு மைக் வைக்கலாம், நாங்கள் வைக்கவில்லை. போன ஞாயிறு இரண்டாவது பாட்டில் இடது காதில் இருந்ததைக் கழற்றினேன். ஐயா, யாரும் பாடவில்லை. முன்வரிசையில் நாலைந்து பேர் உதட்டை அசைத்தார்கள், கோரஸ் வந்தபோது கொஞ்சம் சத்தம், திரும்ப அமைதி. மூன்று வருடமாக இங்கே வாசிக்கிறேன், இது எத்தனை நாளாக இப்படி என்றுகூட எனக்குத் தெரியாது.

பழையபாதை:
தம்பி, இதை எழுத மனசு வேண்டும். குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்: ஏன் பாடவில்லை என்று நினைக்கிறீர்கள்? பாட்டு தெரியாமலா?

கீபோர்டுக்காரன்:
ஒரு காரணம் அது. இன்னொன்று சுருதி. ரெக்கார்டிங்கில் பாடுகிறவர் உச்சஸ்தாயிக்காரர், நாங்கள் அதே சுருதியில் அப்படியே எடுக்கிறோம். கோரஸில் அது ஏறுகிற இடத்துக்குச் சாதாரண ஆண் குரல் எட்டாது, கீழே ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடினால் முனகல் மாதிரி இருக்கும், அதனால் வாயை மூடிக்கொள்கிறார்கள். பெண்களுக்கு வேறு மாதிரி கஷ்டம். சபைக்காக யாரும் சுருதி பார்ப்பதில்லை, பாடுகிறவருக்கு வசதியா என்று மட்டும் பார்க்கிறோம்.

மூன்றாம்வரிசை:
நான் வாயை மூடிக்கொள்கிற காரணம் இதுவேதான். என் தொண்டைதான் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காகிதப்பூச்சி:
"ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்று பவுல் சொன்னதோடு எட்டுகிற சுருதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் போல.

பழையபாதை:
எங்கள் சபையில் ஆர்கன் வாசித்த அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது, கடைசிச் சரணத்தில் கையை எடுத்துவிடுவார். நாங்கள் வெறுங்குரலில் முடிப்போம். அவர் காரணம் எதுவும் சொன்னதில்லை, கை வலிக்கிறது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கீபோர்டுக்காரன்:
அதை முயற்சி பண்ணிப் பார்த்தேன். நேற்று. ட்ரம்ஸ் வாசிக்கிறவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், க்ளிக் அணைத்தாயிற்று, ரெக்கார்டிங்கில் ஐந்து கட்டை, ட்ரான்ஸ்போஸில் இரண்டரைக்கு இறக்கினேன். கடைசிச் சரணத்தில் எல்லாரும் கையை எடுத்தோம். முதல் வரி பயங்கரம், பாதிப்பேருக்கு என்ன ஆயிற்று என்று புரியவில்லை, சவுண்ட் பார்க்கிறவர் ஓடிவந்துவிட்டார் ஏதோ வயர் கழன்றது என்று. இரண்டாவது வரியில் பின்பக்கத்திலிருந்து வந்தது சத்தம். நான் நினைத்ததைவிட அதிகம். ஆனால் முடிக்கும்போது சுருதி அரைக் கட்டை இறங்கிப்போய்விட்டது, திரும்ப கீபோர்டில் கை வைத்தபோது அப்பட்டமாகத் தெரிந்தது. பாடகர் என்னை முறைத்தார்.

பழையபாதை:
இறங்கத்தான் செய்யும். எங்களுக்கும் இறங்கும், அந்த அம்மா திரும்பக் கை வைக்கவே மாட்டார், அப்படியே ஆமென் சொல்லி விட்டுவிடுவார். அடுத்த தடவை நீங்களும் வைக்காதீர்கள். அப்புறம், அந்த இரண்டரையை இரண்டாக்கிப் பாருங்கள், பின்வரிசை ஆண்களுக்கு இன்னும் சௌகரியமாக இருக்கும்.